வித்தும் கரணையும்

விண்ணளாவிய ஆலமரமும், அதன் வேரிடையே ஊர்ந்து செல்லும் சிற்றெறும்பும், அம்மர நிழலில் இளைப்பாறும் மனிதனும் உருவினாலும் தொழிலினாலும் தம்முள் எத்துணை வேறுபட்டனவேனும், ஒன்றில் முற்றும் ஒத்தன. அவை யாவும் ஒரு காலத்தில் ஒற்றை உயிரணுவாக இருந்தனவே. அவ்வோர் அணு இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பல்கியதன் பயனே நாம் காணும் கிளையும் காலும் கையும் கண்ணும். ஆதலின், உயிரணுப் பிரிவு என்பது பயிர்நூல் மாணவர் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் படம் வரைந்து, தேர்வு முடிந்தவுடன் மறந்துவிடற்குரிய பாடம் அன்று. உயிர் என்பது உலகில் தொடர்ந்து நிற்பதற்கு வழி அஃதொன்றே.

இப்பொருளைத் தமிழ் மாணாக்கர் எடுத்துப் பேசுவது முறையோ எனச் சிலர் வினவலாம். முறையே என்பது எம் விடை. பெற்றோரின் இயல்பு பிள்ளைகட்குச் செல்லும் வகையை ஆராயும் நூலுக்கு இற்றைத் தமிழர் இட்டு வழங்கும் பெயர் மரபியல். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கும் அதுவே பெயர். விலங்கின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர், புல்லுக்கும் மரத்துக்கும் உரிய உறுப்புப் பெயர் ஆகியவற்றை வகுத்து, உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக அடுக்கிக் காட்டுவது அவ்வியல். பெயரில் ஒன்றுபட்ட இரண்டு நூல்களும் பொருளிலும் அயலன அல்ல. உயிர் எவ்வாறு வகைப்பட்டு நிற்கின்றது என்பதே இரண்டிற்கும் உரிய வினா.

உயிரணுக்கள் பிரிவதில் இரு முறைகள் உண்டு. ஒன்று, உள்ளதை உள்ளவாறே படியெடுப்பது. மற்றொன்று, உள்ளதைக் கலைத்துப் புதிதாக அடுக்குவது. இவ்விரண்டனுள் முன்னதை மட்டுமே நம்பத் தலைப்பட்ட உழவு நாளடைவில் இடர்ப்படும் என்பதும், தருமபுரி மாவட்டத்து வத்தல்மலை போன்ற மலையூர்களில் இன்னும் எஞ்சியிருக்கும் பழவிதைகளைக் காத்தல் மலைவாணர்க்கு மட்டுமன்றி நமக்கும் கடன் என்பதும் யாம் இக்கட்டுரையில் நிறுவக் கருதியவை. அதற்குமுன் அவ்விரு முறைகளின் இயல்பைச் சுருங்கக் கூறுதல் வேண்டும்.

இராபர்ட் ஊக் என்னும் ஆங்கிலேயர் 1665-ல் தக்கைச் சீவலை நுண்ணோக்கியால் நோக்கி, தேனடையின் கண்களைப் போன்ற சிற்றறைகளைக் கண்டார். செல் என இக்காலத்தார் வழங்கும் பெயர் அன்று இடப்பட்டது. அவ்வறைகள் எங்கிருந்து தோன்றுகின்றன என்பது அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தெளிவுபடவில்லை. ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தன்றித் தோன்றாது என்னும் கொள்கையை 1855-ல் செருமானிய மருத்துவர் உருடால்ஃப் விர்க்கோ நாட்டினார். அப்பிரிவு நிகழும் வகையை வால்ட்டர் ஃபிளெம்மிங் என்பார் உயிரணுக்களுக்குச் சாயமூட்டிக் கண்டு 1882-ல் விரித்தெழுதினார். சாயத்தைப் பற்றிக்கொண்டு இழைகள் போல் தோன்றியவற்றையே பின்னோர் குரோமோசோம் என்றனர். உயிரின் மரபுக்கூறுகள் பெரும்பாலும் அவ்விழைகளிலேயே தங்கியுள்ளன.

முதலாவது முறையை மைட்டாசிஸ் என்பர். உயிரணு பிரியத் தொடங்குமுன் தன்னிடமுள்ள இழைகள் ஒவ்வொன்றையும் இரட்டித்துக் கொள்கின்றது. பின்னர் அவை சுருண்டு தடித்து நடுவில் அணிவகுத்து நிற்க, இருபுறத்தினின்றும் நீளும் கதிர்க்கோல் இழைகள் ஒவ்வோர் இரட்டையையும் பிரித்துத் தத்தம் பக்கம் இழுக்கின்றன. ஈற்றில் தாயணுவின் இழைகள் எத்தனையோ அத்தனையும் குன்றாமல் மகவணுக்கள் இரண்டிலும் சென்று சேர்கின்றன. நம் உடலின் அணுக்களில் 46 இழைகள் உள்ளன; அவை பிரிந்தபின் தோன்றும் அணுக்களிலும் 46.

இப்பிரிவினால் விளையும் நன்மைகள் பல. குழவி வளர்வது இதனால். கையிற் பட்ட வெட்டுக்காயம் ஆறுவது இதனால். தேய்ந்தொழியும் தோல் மீண்டும் உண்டாவது இதனால். நம் எலும்பின் உட்சோற்றில் நொடிதோறும் ஏறத்தாழ 20 லட்சம் செங்குருதி அணுக்கள் தோன்றுகின்றன என்றால், ஒருவர் இவ்வொரு பத்தியைப் படித்து முடிக்குமுன் அவருடம்பில் எத்துணைப் பிரிவுகள் நிகழ்ந்திருக்கும் என்பதை எண்ணிக் காண்க. இப்பெருக்கத்துக்கு அளவும் உண்டு. அணுக்கள் அவ்வளவைக் கடந்து, நிறுத்துவாரின்றிப் பிரியத் தொடங்குவதே புற்றுநோய். பிரியாமை எவ்வாறு கேடோ, அவ்வாறே அளவிறந்து பிரிதலும் கேடாம்.

செடிகொடிகளில் இப்பிரிவு எல்லா இடத்தும் ஒருபடித்தாக நிகழ்வதில்லை. வேர்நுனியிலும் தளிர்நுனியிலும் சிறப்பாக நிகழ்கின்றது. பலா முதலிய மரங்களில் பட்டைக்கும் மரக்கட்டைக்கும் இடையே பிரியும் அணுக்களாலாகிய மெல்லிய படலம் ஒன்றுண்டு. ஆண்டுதோறும் அஃது உள்நோக்கிக் கட்டையைச் சேர்த்தலால் மரம் பருக்கின்றது. கரும்பு, மூங்கில், சாமை முதலியவற்றில் அப்படலம் இல்லை. அவை கணுவினடியிலும் இலையடியிலும் உள்ள அணுக்கள் பிரிதலால் நீள்கின்றன. அதனாலன்றோ ஆடுமாடுகள் மேய்ந்தபின்னும் புல் மீண்டும் தழைக்கின்றது. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுத்த தொல்காப்பியர், அணுப்பிரிவு நிகழும் இடம் வேறுபடுதலால் விளைந்த வேற்றுமையையே, நுண்ணோக்கியின் துணையின்றி, புறக்கண்ணால் கண்டுணர்ந்தார் என்னலாம்.

இரண்டாவது முறை மியாசிஸ் எனப்படுவது. குன்றல் பிரிவு என்று தமிழில் கூறுவர். இது பூவின் மகரந்தப்பையிலும் சூலகத்திலும், விலங்கின் விந்தகத்திலும் முட்டையகத்திலும் மட்டுமே நிகழ்வது. இங்கே தந்தைவழி வந்த இழையும் தாய்வழி வந்த இழையும் ஒன்றையொன்று தேடி இணைந்து, தம்முள் சில பகுதிகளை மாற்றிக்கொண்டு, பின்னர்ப் பிரிகின்றன. அடுத்தடுத்து இரு பிரிவுகள் நிகழ்ந்து நான்கு அணுக்கள் தோன்றுகின்றன. ஒவ்வொன்றிலும் இழைகள் பாதியே. 36 இழைகள் உடைய சாமையின் மகரந்தத்தில் 18, சூலணுவில் 18, இரண்டும் கூடிய வித்தில் மீண்டும் 36. பாதியாகக் குன்றாவிடின் தலைமுறைதோறும் இழைகள் இரட்டித்து உயிர் நிலைகுலையும். ஆதலின், குன்றுதலே ஈண்டு காப்பாகின்றது.

இழைகள் எப்பக்கம் செல்லும் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவாவது. மனிதரில் 23 இணைகள் பிரியும் வகைகளைக் கணக்கிட்டால், பகுதிகள் மாறுவதை விடுத்து எண்ணினும், 83 லட்சத்துக்கு மேற்படும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒருவர்போல் ஒருவர் இராமைக்கு இதுவே காரணம். முதலாவது முறை ஒப்புமையைக் காக்கின்றது. இரண்டாவது வேற்றுமையை உண்டாக்குகின்றது. ஒப்புமை இல்லையேல் இன்றைய வாழ்வில்லை. வேற்றுமை இல்லையேல் நாளைய வாழ்வில்லை.

இதனைத் தமிழ் பயில்வோர்க்கு எளிதில் விளங்கும் ஓர் உவமையால் காட்டுவாம். பழைய ஏடுகளைப் பார்த்துப் புத்தேடு எழுதியவர் உள்ளதை உள்ளவாறே எழுத முயன்றனர். ஆயினும், ஒரே ஏட்டைப் பார்த்து நூறு படிகள் எடுத்தால், மூல ஏட்டில் செல்லரித்துப்போன இடம் நூறு படிகளிலும் வெறுமையாகவே நிற்கும். உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவகசிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஊர்தோறும் சென்று பல ஏடுகளைத் தேடியது இது கருதியே. ஓரேட்டில் அழிந்த சொல் மற்றோரேட்டில் இருந்தது. ஓரேட்டுப் பிழை மற்றோரேட்டால் தெளிந்தது. பாடபேதங்களைக் குற்றமென எண்ணாது செல்வமெனப் போற்றியவரே தமிழைக் காத்தவர். உயிர்களிடத்தும் வேற்றுமை என்பது அத்தகைய பாடபேதமே.

இனி, இவ்விரு முறைகளும் உழவனின் கையில் எவ்வாறு உள்ளன என்று காண்பாம். கரும்பை நடுவோர் விதை தேடுவதில்லை. கணுவோடு நறுக்கிய கரணையை ஊன்றுகின்றனர். மரவள்ளிக்குக் குச்சி, மிளகுக்கு வேர்விடும் கொடித்துண்டு. இவை யாவும் தாய்ச்செடியின் உடற்கூறே ஆதலின், அவற்றினின்று எழுவன மைட்டாசிஸ் ஒன்றினாலேயே தோன்றியவை; அதாவது தாயின் படிகள். நெல், கேழ்வரகு, சாமை முதலியனவோ வித்தினால் வருவன. ஒவ்வொரு வித்தும் குன்றல் பிரிவின் வாயிலைக் கடந்தே வந்துள்ளது. கரணையிட்டுப் பயிர்செய்வது இழிந்த முறை என்பது எம் கருத்தன்று. நல்லதொரு கரும்பை அதன் இனிமை குன்றாமல் காணிதோறும் பரப்ப அதனினும் சிறந்த வழி இல்லை. அதுவே முழுவதுமாகிவிடும்போது நேர்வது யாது என்பதே வினா.

வத்தல்மலை, தருமபுரி நகரினின்று ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சார்ந்து, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் உள்ளது. இருபதுக்கு மேற்பட்ட கொண்டையூசி வளைவுகளைக் கடந்தே அதன்மேல் ஏறல் வேண்டும். பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு முதலிய சிற்றூர்களில் வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். சேர்வராயன், கொல்லி, சித்தேரி, கல்வராயன், சவ்வாது ஆகிய மலைகளில் வாழ்வோரும் அக்குடியினரே. சாமையும் கேழ்வரகும் அவர்தம் பழைய உணவு. காப்பியும் மிளகும் அவர்க்குப் பணம் தரும் பயிர்கள். பணப்பயிர் பரவப் பரவச் சாமைக்குரிய நிலம் சுருங்குவது எம்மலைக்கும் இயல்பு. ஓராண்டு விதைக்கப்படாத விதையைக் குதிரில் வைத்துக் காக்கலாம். பல ஆண்டு விதைக்கப்படாத விதை முளைக்கும் ஆற்றலை இழக்கும். பின்னர் அதன் பெயரே எஞ்சும். அதன்பின் அதுவும் எஞ்சாது.

இஃது வெற்று அச்சமோ எனின், அன்று. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் நிகழ்ந்ததைக் காண்க. ஆண்டும் வாழ்வோர் அதே மலையாளிக் குடியினர். மல்லியச்சாமை, திருகுலாசாமை, வெள்ளப்பெருஞ்சாமை எனச் சாமையிலேயே பல வகைகளை அவர் வைத்திருந்தனர். ஒன்று விரைவில் விளைவது, ஒன்று காலம் தாழ்த்து விளைவது, ஒன்று மெலிந்த மண்ணுக்கு ஏற்றது. 1940-களில் சேலத்துப் பக்கம் சவ்வரிசி ஆலைகள் தோன்றிப் பெருகவே, அவ்வாலைகட்கு வேண்டும் மரவள்ளி மலைமேலும் ஏறிற்று, சாமை இறங்கிற்று. சாமைக்கும் 36 இழைகள். மரவள்ளிக்கும் 36 இழைகள். எண்ணிக்கை ஒன்றாயினும், ஒன்று வித்தாலும் மற்றொன்று குச்சியாலும் தொடர்வதனால் அவற்றின் வரலாறு வேறாயிற்று. மரவள்ளியின் இலையைச் சுருக்கி மஞ்சட்பூக்கச் செய்யும் தேமல் நோய் நச்சுயிரியால் வருவது. நோயுற்ற செடியின் குச்சியை நட்டால், குச்சியோடு நோயும் நடப்படுகின்றது; படியெடுப்பதில் நல்லதும் தீயதும் ஒருங்கே படியாகும் அன்றோ? 1990-களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மலைவாணரோடு கூடிச் சிறுதானிய விதைகளைக் காக்க முயன்று வந்துள்ளது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் உருளைக்கிழங்கினத்தின் குரோமோசோம்களை ஆராய்ந்து தம் அறிவியல் வாழ்வைத் தொடங்கியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

கரணையின் வரலாறு தருமபுரிக்கு இன்னும் நெருங்கியது. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்டவன், ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர் எனப் புறநானூறு கூறும். அவர் கொணர்ந்த நாள்தொட்டு நம் நாட்டுக் கரும்பு கரணையாலேயே தொடர்ந்தது. கரும்பு முளைக்கத்தக்க விதை தரும் என்பதே உலகத்தார்க்கு 1880-களின் இறுதியில்தான் உறுதிப்பட்டது. செவ்வழுகல் நோயோ சென்னை மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில் பெருந்தீங்கு செய்யத் தொடங்கிற்று. ஒரு கரும்பின் படிகளாகிய ஆயிரம் கரும்புகளும் அவ்வொன்றின் வலியின்மையையும் உடன்பெற்றவை. ஒன்றைக் கொல்லவல்ல நோய் ஆயிரத்தையும் கொல்லவல்லது.

1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியது இது கருதியே. ஆங்கே பார்பர் என்பாரும் அவர்க்குப்பின் தி. சு. வேங்கடராமனும் கரணையை விட்டுக் கரும்பின் பூவைத் தேடினர். வெள்ளை என்னும் இன்கரும்பின் பூவோடு, ஆற்றோரத்தில் தானே வளரும் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தனர். நாணலிடத்து இனிமை குறைவு. ஆயினும் வறட்சியையும் நோயையும் தாங்கும் வலி மிகுதி. இவ்விரண்டின் மகவாகிய கோ. 205 என்னும் கரும்பு 1918-ல் உழவர் கைக்கு வந்தது. இதிலும் ஓர் வியப்புண்டு. வெள்ளைக்கரும்பின் இழைகள் 80. நாணலின் இழைகள் 64. பாதியும் பாதியும் கூடின் 72 ஆதல் வேண்டும். கோ. 205-ல் காணப்பட்டவையோ 112. தந்தை தன் பாதியாகிய 32-ஐ ஈய, தாய் குன்றாமல் தன் 80-ஐயும் ஈந்துவிட்டது. விதிக்கு மாறாக நிகழ்ந்த இத்தகைய பிரிவினாலும் இயற்கை புதுமை படைக்கின்றது.

அந்நிலையத்தில் 1930-களில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர்களுள் எடவலத்து கக்கட்டு ஜானகி அம்மாள் ஒருவர். தலைச்சேரியில் 1897-ல் பிறந்து, சென்னையில் பயின்று, சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராய் இருந்து, அங்கிருந்தே மேற்படிப்புக்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றவர் அவர். 1945-ல் டார்லிங்டன் என்பாரோடு சேர்ந்து, உலகில் பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்துப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இங்கிலாந்தில் இருந்தபோது கோல்ச்சிசின் என்னும் நஞ்சைச் செடிகளில் இட்டு ஆராய்ந்தார். அந்நஞ்சு கதிர்க்கோல் இழைகள் உருவாவதைத் தடுப்பதனால், இரட்டித்த இழைகள் பிரியாமல் ஓரணுவிலேயே தங்கிவிடும். செடியின் இழைகள் இரட்டிக்கும். நம் குறிஞ்சி நிலத்துக்குரிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது அந்நஞ்சே. மிஷன் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்கள் சிறியனவாயினும் அவற்றினின்று எழும் கல்வி சிறிதன்று என்பதற்கு அவ்வம்மையார் வாழ்க்கையே சான்று.

கோயம்புத்தூர்க் கரும்புகள் நாடெங்கும் பரவின. ஆயினும் பாடம் முழுவதும் கற்கப்பட்டதோ? கோ. 0238 என்னும் மற்றொரு கரும்பு 2009-ல் வெளியிடப்பட்டு, விளைவு மிகுதியால் உத்தரப்பிரதேசத்துக் கரும்பு நிலத்தின் மிகப்பெரும் பகுதியைப் பத்தாண்டுக்குள் கைக்கொண்டது. மீண்டும் செவ்வழுகல் நோய் வந்தது. அவ்வொரு கரும்பையே நம்பிய உழவர் பெருந்துன்பம் எய்தினர். குற்றம் அக்கரும்பினது அன்று. எல்லாரும் ஒன்றையே நட்டமையின் குற்றம்.

வித்தினால் வருவன மட்டும் எப்போதும் காப்புடையனவோ எனின், அதற்கும் ஒரு வரம்புண்டு. வத்தல்மலையில் விளையும் காப்பியினத்தை எடுத்துக்கொள்வாம். அராபிக்காக் காப்பி 44 இழைகள் உடையது. தன் பூவின் மகரந்தத்தையே ஏற்றுக் காய்ப்பது. ஆதலின், அதன் வித்துக்கள் தம்முள் மிகவும் ஒத்திருக்கும். இலங்கையில் சில தாய்ச்செடிகளின் வழித்தோன்றல்களே மலைமலையாய்ப் பரப்பப்பட்டிருந்தன. 1869-ல் அங்கு இலைத்துரு நோய் தோன்றிற்று. இருபதாண்டுக்குள் அத்தீவின் காப்பித்தொழில் சாய்ந்து, தேயிலை அவ்விடத்தைக் கைப்பற்றிற்று. அத்தோட்டங்களில் உழைத்த நம் தமிழ்க்கூலிகளின் வாழ்வும் அதனோடு புரண்டது. பின்னர்க் கருநாடகத்துப் பாலெஹொன்னூரில் 1925-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தார், லைபீரிக்கா என்னும் வேற்றினத்தின் கூறு கலந்த செடியைக் கொண்டு எஸ். 795 முதலிய வகைகளை உண்டாக்கினர். கலைத்து அடுக்குவதற்கு வேறுபட்ட சீட்டுக்கள் கையில் இருத்தல் வேண்டும். எல்லாச் சீட்டும் ஒன்றாயின், எத்துணை முறை கலைத்தாலும் பயனில்லை. சாமையும் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்பது. ஆகவே அதன் காப்பு ஒரு வகையிடத்து இல்லை. பல வகைகள் அருகருகே விதைக்கப்பட்டு, அருமையாகத் தம்முள் கலந்தும் வருவதனிடத்தே உள்ளது. ஒரு வகை ஒழிந்தால் ஒரு சீட்டு ஒழிந்தது.

எம் கருத்துக்கு மாறாகக் கூறக்கூடியவை சில உண்டு. அவற்றை மறைத்தல் நேர்மையன்று. மலைவாணர் வறியராய் இருந்து சாமை உண்ண, நகரத்தார் அரிசிச்சோறு உண்டு அவர்க்குப் பழமையைப் போற்றுமாறு அறிவுரை கூறுவது தகுமோ என்பர். தகாது. காப்பியாலும் மிளகாலும் வரும் பணமே அவர் மக்களைப் பள்ளிக்கு அனுப்புகின்றது. சாமை விளைவு குறைந்தது. அதன் உமியோ கடியது. உரலில் இட்டு உலக்கையால் குற்றும் உழைப்பு முழுவதும் பெண்டிர்மேல் விழுவது. இவ்வருத்தத்தை நீக்காமல் விதையை மட்டும் காக்கச் சொல்வது, பிறர் தலையில் சுமையை ஏற்றிவிட்டு நடை பயில்விப்பதை ஒக்கும். ஆதலின், சாமை குற்றும் பொறியும், நேரிய விலையும் முன்னர், அறிவுரை பின்னர்.

மற்றும், தில்லியிலுள்ள தேசியப் பயிர் மரபுவளக் காப்பகத்தில் விதைகள் குளிரறையில் உள்ளன. நார்வே நாட்டு சுவால்பார்டில் 2008 முதல் உலக விதைகளே பனிமலையின் உள்ளே வைக்கப்பட்டு வருகின்றன. இனி மலைவாணர் காப்பது எற்றுக்கு என்பாரும் உளர். அக்காப்பகங்கள் வேண்டுவனவே. ஆயினும், குளிரறையில் உறங்கும் வித்தில் அணுப்பிரிவு நிகழ்வதில்லை. காலத்தின் மாறுபாடு அதனைத் தொடுவதில்லை. வத்தல்மலைச் சரிவில் விதைக்கப்படும் வித்தோ ஆண்டுதோறும் முளைத்து, பூத்து, குன்றல் பிரிவினால் புதிய மகரந்தத்தைத் தோற்றுவித்து, அவ்வாண்டின் மழைக்கும் வெயிலுக்கும் பூச்சிக்கும் தன்னை ஒப்புக்கொடுத்து, தாங்கியதை மட்டும் அடுத்த ஆண்டுக்கு அனுப்புகின்றது. முன்னது பேழையில் பூட்டிய ஏடு. பின்னது நாவில் வழங்கும் மொழி. நாவில் வழங்காத மொழிக்கு இலக்கணம் எஞ்சினும் இளமை எஞ்சாது என்பதைத் தமிழ் மாணாக்கர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் செயற்பாலது யாது? எமக்குத் தோன்றுவன மூன்று.

முதலாவது, விலை. 2023-ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டே தமிழ்நாட்டரசு, தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அவ்வழியே மலைச்சாமையையும் அரசு நேரிய விலைக்குக் கொள்ளுமாயின், உழவர் அதனைக் கைவிட வேண்டியதில்லை. நம்போன்ற கல்லூரி விடுதிகளும் கிழமைக்கு ஒரு நாளேனும் சாமைச்சோறு ஆக்குவது பெருங்காரியமன்று. வாங்குவார் உளராயின் விதைப்பாரும் உளராவர்.

இரண்டாவது, நிலத்தில் ஒரு பங்கு. காப்பியும் மிளகும் நிற்கும் இடத்தில் நிற்க. ஊர்தோறும் ஒரு சிறு நிலத்திலேனும் பழவகைகள் ஆண்டுதோறும் விதைக்கப்படுதல் வேண்டும். அதற்குரிய செலவை விதைப்போர் தலையில் வைத்தல் கூடாது. நாளை எந்நாட்டு ஆராய்ச்சியாளரோ அவ்விதையினின்று புதுவகை தோற்றுவித்து ஊதியம் பெறக்கூடும். கோயம்புத்தூரார்க்கு நாணல் உதவியதுபோல் எந்தப் புல் எப்போது உதவும் என்பதை முன்னறிவார் யார்? அவ்வூதியத்தில் காத்தோர்க்கும் பங்குண்டு என்பதே நீதி.

மூன்றாவது, நம்முடைய பணி. விதைக்கு ஊர்தோறும் பெயருண்டு. அப்பெயர்களில் அதன் நிறமும் பருவமும் விளையும் மண்ணும் அடங்கியுள்ளன. அப்பெயர்கள் பெரும்பாலும் முதியோர் நாவிலேயே உள்ளன. விடுமுறைக் காலத்தில் பயிர்நூல் மாணவரும் தமிழ் மாணவரும் இருவர் இருவராய்க் கூடி மலையூர்கட்குச் சென்று, அம்முதியோரிடம் பணிவோடு கேட்டு, ஒருவர் விதையின் இயல்பையும் மற்றவர் அதன் பெயரையும் வழக்கையும் எழுதிவருவாராயின், அஃது இக்கல்லூரியின் நூலகத்துக்கு ஓர் அணிகலனாம். எழுதியதன் படி ஒன்று அவ்வூர்ப் பள்ளியிலும் வைக்கப்படல் வேண்டும்; அறிவைப் பெற்றுக்கொண்டு வெறுங்கையோடு அவரை விடுதல் அறமன்று. இற்றைக்கு அலுவல்களில் அமர்ந்துள்ள பழைய மாணவர் பலர் உழவுத்துறையிலும் உணவுத்துறையிலும் இருப்பர். அவர் துணை செய்வராயின் இஃது எளிதில் நிறைவேறும்.

உயிரணு பிரியும்போது தன் செல்வத்தைக் குறைவறப் பங்கிட்டு அடுத்த தலைமுறைக்கு ஈந்தே தான் ஒழிகின்றது. தனக்கென ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. வத்தல்மலையின் முன்னோரும் தம் கையிலிருந்த பல்வகை வித்தையும் குன்றாமல் மக்கள் கையில் ஈந்தனர். அவ்வித்து நம் காலத்தில் குன்றிற்று என்னும் பழி நமக்கு வாராதிருப்பதாக. கரணை பெருகுக, வித்தும் வாழ்க.